61ஆவது கார்டுக்கு இடமில்லை

போகிமான் சீட்டாட்டத்தில் ஆளாளுக்குத் தாங்களே தேர்ந்தெடுத்துச் சேர்த்த கட்டோடு ஆட வேண்டும். அந்தக் கட்டுக்கு டெக் என்று பெயர், அதில் சரியாக 60 கார்டு. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் போட்டியில் செல்லாது. புது செட் கடைக்கு வந்துவிட்டால் பெங்களூரில் இந்த ஆட்டம் ஆடும் பையன்கள் பேசுவதெல்லாம் எந்தக் கார்டை உள்ளே வைக்கலாம் என்பதைப் பற்றித்தான். அல்சூரில் என் அக்கா வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் கும்பலும் அப்படித்தான். "மச்சா, இது செம கார்டுடா, நாலும் போடு!" சரி, நாலு போடலாம். எந்த நாலை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில், அதுவும் அரைமனதாக. ரம்மி ஆடிப் பழகிய பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. எடுக்கும் சீட்டைவிடக் கீழே போடும் சீட்டில்தான் ஆட்டக்காரனின் லட்சணம் தெரியும்.

பெட்டிக்கடையில் தொங்கும் தங்க நிறப் பிளாஸ்டிக் போகிமான் கார்டுகளை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றை வைத்து யாரும் ஆடுவதில்லை, நண்பனிடம் காட்டிப் பெருமைப்படத்தான் வாங்குகிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக விதிகள். கட்டைக் கலைத்து ஆளுக்கு 7 கார்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பேசிக் போகிமானாவது (வேறொன்றின் மேல் வைக்காமல் நேராகக் களமிறக்கக்கூடியது) இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்க முடியும். இன்னொரு 6 கார்டைப் பார்க்காமல் கவிழ்த்துத் தனியே வைக்க வேண்டும். இவை பிரைஸ் கார்டுகள். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். ஒரே பெயருள்ள கார்டு 4 வரைதான் வைக்கலாம், போகிமானின் தாக்குதலுக்குச் சக்தி தரும் பேசிக் எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. போகிமானும் எனர்ஜியும் அல்லாத மற்றவை டிரெய்னர் கார்டுகள், அவற்றில் சப்போர்ட்டர் என்று ஒரு வகை உண்டு. புதுக் கார்டுகளை எடுக்கவும் எதிராளியைக் குழப்பவும் உதவுபவை. ஆனால் உங்கள் முறை வரும்போது, அந்த ஒரு முறைக்கு ஒரு சப்போர்ட்டர்தான் ஆட முடியும். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. உங்கள் டெக்கில் ஒரு கார்டு 4 பிரதி இருக்கிறது. முதல் 7இல் ஒன்றாவது வருமா? இதை நேராகக் கணக்கிடுவதைவிட, வராமல் போக என்ன வாய்ப்பு என்று கேட்பது சுலபம். முதலில் எடுக்கும் கார்டு அதுவாக இல்லாமல் போக 60இல் 56 வாய்ப்பு. எடுத்த கார்டு கட்டுக்குத் திரும்பப் போகாது. அதனால் அடுத்ததற்கு 59இல் 55, அதற்கடுத்து 58இல் 54. இப்படி ஏழு பின்னங்களையும் பெருக்கினால் 0.60 வரும். அதாவது 60 சதவீத நேரம் கையில் ஒன்றுகூட வராது, 40 சதவீத நேரம் வரும். 'நாலு வச்சிருக்கேனே, ஏன் வரல?' என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். வராமல் இருப்பதுதான் வழக்கம்.

பகடையில் ஒவ்வொரு வீச்சும் புதுசு, போன வீச்சை அது கண்டுகொள்ளாது. சீட்டில் ஒவ்வொரு எடுப்பும் மிச்சக் கட்டை மாற்றிவிடுகிறது. இப்படித் திருப்பி வைக்காமல் எடுக்கும் கணக்குக்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெயர். 1993இல் 'மேஜிக்: தி கேதரிங்' வந்து இந்த வகை ஆட்டங்களைத் தொடங்கி வைத்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் (எதை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணும் துறை) டாக்டர் பட்டம் வாங்கியவர். இருந்தும் அவர் ஆட்டத்தின் முதல் விதிகளில் நாலு பிரதி வரம்பு கிடையாது. காசு இருந்தவர்கள் ஒரே வலுவான கார்டை வாங்கிக் குவித்த பிறகுதான் வரம்பு வந்தது.

இதே கணக்கை மற்ற எண்களுக்கும் போட்டுப் பாருங்கள். முதல் ஏழில் வர, 1 பிரதிக்கு 11.7 சதவீதம், 2க்கு 22.1, 3க்கு 31.5, 4க்கு 39.9. முதல் பிரதி 11.7 புள்ளி கொண்டுவருகிறது, நாலாவது 8.4தான். ஏற ஏறக் கூலி குறைகிறது. ஆகவே நாலிலிருந்து ஒன்றைக் குறைத்தால் இழப்பு 8.4. அதே இடத்தில், ஏற்கெனவே ஒற்றையாக இருக்கும் இன்னொரு கார்டுக்கு இரண்டாவது பிரதி போட்டால் வரவு 10.5. காகிதத்தில் லாபம். ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாக் கார்டையும் இரண்டிரண்டாக வைத்தால் டெக் உருப்படாது. முதல் முறையிலேயே கட்டாயம் வேண்டிய கார்டுக்கும், ஆட்டக் கடைசியில் ஒரே ஒரு தடவை வேண்டிய கார்டுக்கும் இந்த 8.4 ஒரே விலை ஆகாது. முன்னதற்கு நாலும் வேண்டும். பின்னதற்கு ஒன்றோ இரண்டோ போதும், கட்டு கரையக் கரையக் கைக்கு வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

ஒன்றா இரண்டா என்பதில் பிரைஸ் கார்டு ஒரு சிக்கல் வைக்கிறது. ஒற்றைக் கார்டு அந்த ஆறுக்குள் மாட்டிக்கொள்ள 60இல் 6, அதாவது பத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு பிரதி இருந்தால் இரண்டுமே மாட்ட 0.85 சதவீதம்தான். பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை நடக்கும் தொல்லை, நூற்றுக்கு ஒருமுறைக்கும் கீழே போய்விடுகிறது. அந்தக் கார்டு இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்றால் இரண்டாவதுக்கு இடம் ஒதுக்கத்தான் வேண்டும். இருந்தால் நல்லது என்ற ரகமென்றால் அந்தப் பத்தில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சப்போர்ட்டர் விதிக்கு வருவோம். 'கையில் சப்போர்ட்டர் வரவே மாட்டேங்குது, கூட நாலு போடலாம்' என்பது அடிக்கடி காதில் விழும் யோசனை. 8 சப்போர்ட்டர் உள்ள டெக்கில் முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போக 34.6 சதவீதம். 12 ஆக்கினால் அது 19.1க்கு இறங்குகிறது. நல்ல மருந்து என்று தோன்றும். மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டோ அதற்கு மேலோ கையில் சேர்ந்துவிடும் வாய்ப்பு 23.2இலிருந்து 42.8க்கு ஏறுகிறது. ஒரு முறைக்கு ஒன்றுதான் ஆடலாம், மிச்சம் அந்த முறை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும். சரியாக ஒன்று மட்டும் வரும் வாய்ப்பு 42.2இலிருந்து 38.1க்குக் குறைந்தே போகிறது. ஒரு பக்கம் வறட்சி 15 புள்ளிக்கு மேல் தணிய, மறுபக்கம் தேக்கம் கிட்டத்தட்ட 20 புள்ளி கூடுகிறது. இரண்டாவது சப்போர்ட்டர் அடுத்த முறைக்கு உதவும் என்பது உண்மைதான். அதனால் தேக்கம் வறட்சி அளவுக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் கெடுதல்தான்.

பேசிக் போகிமான் எண்ணிக்கைக்கும் அட்சரம் மாறாமல் இதே எண்கள். 8 பேசிக் இருந்தால் 34.6 சதவீத நேரம் கை செல்லாது. மறுபடி கலைத்துப் போட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். 12 இருந்தால் 19.1. ஆனால் இங்கே இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நஷ்டமில்லை, காத்திருக்கும் வரிசையான பெஞ்சில் ஐந்து பேரை உட்கார வைக்கலாம். எண் ஒன்றுதான், ஆட்ட விதி அதற்குக் கொடுக்கும் அர்த்தம் வேறு. இந்த இடத்தில்தான் வெறும் கால்குலேட்டரை நம்பியவர்கள் சறுக்குகிறார்கள். (மேலே சொன்ன மற்ற எண்களுக்கும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. செல்லும் கையில் ஓரிடம் பேசிக் போகிமானுக்குப் போய்விடுவதால், மற்றவற்றின் வாய்ப்பு நூலிழை குறையும்.)

ஒரு கார்டின் மதிப்பு அதிலேயே அச்சடித்து இருப்பதில்லை, மீதி 59ஐப் பொறுத்தது. அல்ட்ரா பால் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து வேறு இரண்டு கார்டைக் கழித்தால், டெக்கில் தேடி எந்தப் போகிமானையும் எடுத்துக்கொள்ளலாம். கழித்தாலும் பரவாயில்லை என்ற கார்டுகள் நிறைய இருக்கும் டெக்கில் அது வரம். ஒவ்வொன்றும் முக்கியமான டெக்கில் அதே கார்டு இரண்டு விரலை வெட்டிக் கேட்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிப்படியாக வைத்து வளர்க்கும் பரிணாமப் போகிமான்களில் இன்னும் கஷ்டம். நடுப்படியில் இருப்பதை உருவிவிட்டால் மேல்படியில் இருப்பது பெரும்பாலும் கையிலேயே கிடந்து மக்கும். அங்கே மாற்றினால் கொத்தாகத்தான் மாற்ற வேண்டும்.

மேஜிக் போட்டிகளில் இந்த மாற்றும் வேலை ஒரே எதிராளியோடு அடுத்தடுத்து ஆடும் ஆட்டங்களுக்கு நடுவிலேயே நடக்கிறது. டெக்குக்கு வெளியே 15 கார்டு வரை கைவசம் வைத்திருந்து, முதல் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். போகிமான் போட்டியில் அந்த வசதி இல்லை, கொடுத்த பட்டியலோடே கடைசிவரை ஆட வேண்டும். மேஜிக் ஆட்டத்தில் எதிராளி யார் என்று தெரிந்துவிட்டதால் கேள்வி எளிதாகிறது. இவரிடம் என் எந்தக் கார்டுகள் செத்தவை? உயிரினக் கார்டே இல்லாத டெக்குக்கு எதிரே, உயிரினத்தைக் கொல்லும் கார்டை வைத்து என்ன செய்வது? அப்படி நாலு இருந்தால் உள்ளே வருவதும் நாலுதான். வெளியே போவதை முதலில் எண்ணும் இந்தப் பழக்கத்தை மற்ற ஆட்டக்காரர்களும் கடன் வாங்கலாம்.

சரி, மாற்றியாகிவிட்டது. மாற்றியது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அக்கா பையன் ஒரு புதுக் கார்டைப் பற்றிச் சொன்னான்: "மாமா, நேத்து அது மட்டும் வரலன்னா தோத்திருப்பேன்." அது கையிலேயே சும்மா கிடந்த ஆட்டம் எத்தனை என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு எண்ணுறா?" என்றான். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973இலேயே எழுதியது இதைத்தான். சட்டென்று நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஜெயிக்க வைத்த கார்டு நினைவில் நிற்கும். மூன்று முறை கையில் அசையாமல் கிடந்தது நிற்காது.

வெற்றி தோல்வியை எழுதி வைத்தால் போதுமா? போதாது. நாணயத்தைச் சுண்டினால்கூட 10க்கு 7 அல்லது அதற்கு மேல் பூ விழ 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதனால் பத்தில் ஏழு ஜெயித்தேன் என்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஒரு மாற்றம் உங்கள் வெற்றியை 50 சதவீதத்திலிருந்து 55க்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலாளர்கள் வழக்கமாகக் கேட்கும் உறுதியோடு அதைக் கண்டுபிடிக்க, பழைய டெக்கில் சுமார் 1,560 ஆட்டம், புதிய டெக்கில் அதே அளவு ஆட்டம் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு அரைமணி என்றால் 1,500 மணி நேரத்துக்கு மேல். அதற்குள் அந்தக் கார்டே பழசாகி, புதிய கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருக்கலாம். உண்மையில் ஒற்றைக் கார்டு 5 புள்ளி கொண்டுவந்தாலே பெரிய விஷயம். 2 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க டெக்குக்கு 9,800 ஆட்டம் தேவைப்படும்.

வெற்றி தோல்வியில் கலைப்பின் அதிர்ஷ்டம், எதிராளியின் திறமை, அன்றைய தூக்கக் கலக்கம் எல்லாம் கலந்திருப்பதால்தான் இத்தனை ஆட்டம். அந்த இரைச்சலை ஒதுக்கிவிட ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பழகும்போது, சந்தேகத்துக்குரிய அந்த ஒரு இடத்தில் பழைய கார்டையும் வைக்காதீர்கள், புதியதையும் வைக்காதீர்கள். இரண்டின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வேறொரு கார்டோடு சேர்த்து ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) செருகிவிடுங்கள். அது கைக்கு வரும்போது, இந்த நிமிடம் இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானித்துக் குறித்துக்கொண்டு, அதையே ஆடுங்கள். ஆட்ட முடிவு தெரிவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும், ஜெயித்த பிறகு குறித்தால் மனம் கணக்கைத் திருத்தும். டெக்கில் தேடி எடுத்தாலும் சரி, தானாக வந்தாலும் சரி, குறிப்பு ஒன்றுதான்.

இங்கே கலைப்பு, எதிராளி, கையில் இருக்கும் மற்ற கார்டுகள் எல்லாம் இரண்டு கார்டுக்கும் பொது. மிஞ்சும் வித்தியாசம் கார்டுடையது. மருத்துவச் சோதனைகளில் ஒரே நோயாளியிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிடுவதும் இதே தர்க்கத்தில்தான். 20 தடவையில் 15 தடவை புதியது வேண்டியிருந்தால், அத்தனையோ அதற்கு மேலோ தற்செயலாக வர 2 சதவீத வாய்ப்புதான், தாராளமாக மாற்றலாம். 11 என்றால்? 20இல் 11 அல்லது அதற்கு மேல் தற்செயலாகவே வர 41 சதவீத வாய்ப்பு உண்டு. பழையதே இருக்கட்டும், புதியதற்குச் செலவழிக்க இருந்த காசு மிச்சம். ஒற்றை இடம் என்பதால் 20 தடவை பார்க்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆட்டம் ஆக வேண்டியிருக்கும். 1,560க்கு இது எவ்வளவோ தேவலை.

குறிக்கும் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டுமே உதவாது. அக்கா பையனின் தாளில் பழையதும் புதியதும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தன. நிரம்பி வழிந்தது அந்த மூன்றாவது கட்டம். வாரக்கணக்கில் இரண்டு கார்டுக்கும் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்த அந்த இடத்தில் இப்போது ஒரு எனர்ஜி இருக்கிறது.