பணிச்சூழலியலா, வாகியலா?

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களுக்குக் கொடுத்த தாளின் தலைப்பு: 'குழந்தைகளுக்கான பணிச்சூழலியல்'. பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "மரம் நடச் சொல்லுதாங்களோ?" என்று கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? சூழலியல் என்றால் காடு, குளம், பறவை என்றுதானே பிள்ளைகள் பாடத்திலேயே படிக்கிறார்கள். தாளுக்குள் இருந்ததோ பெஞ்சு உயரமும் புத்தகப்பை எடையும்.

பணிச்சூழலியல் என்பது எர்கோனாமிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த தமிழ். எர்கோனாமிக்ஸ் கிரேக்க வேர்களைக் கொண்டு கட்டிய சொல். எர்கோன் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. 1857-இல் போலந்து அறிஞர் யஸ்த்ஷெம்போவ்ஸ்கி முதலில் எழுதினார், 1949-இல் இங்கிலாந்தில் ஹைவெல் மரெல் மறுபடி புழக்கத்தில் விட்டார். கருவியும் இருக்கையும் ஆளுக்குத் தக்கபடி இருக்கவேண்டும், ஆள் அதற்காக வளையக்கூடாது. துறையின் சாரம் இவ்வளவுதான்.

சரி, இதில் சூழல் எங்கிருந்து வந்தது? சூழலியல் எகாலஜிக்கு எழுதிக்கொடுத்தாகிவிட்ட சொல், அதன் வேரே வேறு, ஒய்கோஸ், அதாவது வீடு. அதை எடுத்து முன்னால் 'பணி' என்று ஒட்டினால் அலுவலகத்தில் செடி வைப்பது பற்றிய படிப்பு என்றுதான் தோன்றும். பணியாவது பொருந்துகிறதா? முக்கூடல் பக்கம் மடியில் சுளகை வைத்து நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் அக்காவுக்குப் பொருந்தும். அவர் பக்கத்திலேயே தரையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கும் அதே கழுத்துவலிதான், ஆனால் அது செய்வது பணியா? குழந்தை என்ற சொல்லோடு பணியைச் சேர்த்தாலே குழந்தைத் தொழிலாளர் நினைப்பு வந்துவிடுகிறது. அப்புறம் கடைக்காரர் 'பணிச்சூழலியல் நாற்காலி' என்று பலகையில் எழுதினால் வாங்க வருகிறவருக்கு என்ன விளங்கும்?

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைத் திறந்து ஆங்கிலச் சொல்லுக்கு நேரே இருப்பதை அப்படியே இறக்கிவிடுகிறார்கள், எதற்கெடுத்தாலும் ஒரு 'இயல்', இல்லாவிட்டால் ஒரு 'மயமாக்கல்'. சொல் யார் காதில் விழப்போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தத் தாளை இப்படி அச்சடித்திருக்க மாட்டார்கள். தனித்தமிழாக இருந்துவிட்டால் மட்டும் போதாது, புரியவும் வேண்டும்.

நம் பக்கம் இதற்கு நாள்தோறும் புழங்கும் சொல் இருக்கிறது: வாகு. "ஏல, கூன் போடாத, வாக்கா உக்காரு" என்று சொல்லாத வீடு உண்டா? மண்வெட்டிக் காம்பு கைக்கு வாகாக இருக்கிறது என்கிறோம், குடத்தை இடுப்பில் வாகாக வை என்கிறோம். உடம்புக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தம் முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. துறைக்கு வாகியல், பொருளுக்கு வாகான நாற்காலி, வாகான பை. 'வாகு' வடசொல் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தோளைக் குறிக்கும் வாகுதான் பாகு என்ற வடசொல்லிலிருந்து வந்தது, இது வேறு. உடல்வாகு என்பதோடு குழம்பும் என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி, ஆனால் அங்கேயும் உடம்பின் அமைப்பைத்தானே பேசுகிறோம், பெரிய மோதல் இல்லை.

அந்தத் தாளை இப்படி எழுதியிருக்கலாம். பிள்ளையின் பாதம் தரையில் முழுசாகப் படியவேண்டும். பெஞ்சு உயரமாகிக் கால் தொங்கினால் விளிம்பு தொடையின் அடியில் அழுத்திக் கால் மரத்துப்போகும், காலுக்கடியில் ஒரு பலகை போட்டால் தீர்ந்தது. மேசை முழங்கை மட்டத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கைப்படி பை எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 25 கிலோ பிள்ளைக்கு 2.5 கிலோ. வாரை இரண்டு தோளிலும் மாட்டவேண்டும். தலைப்பு: 'பிள்ளைகள் வாகாக உட்கார, வாகாகச் சுமக்க'. அந்த அம்மாவுக்குக் கேள்வியே வந்திருக்காது.