விசையின் ஒரே இயக்கம்: அமெரிக்காவில் எஃப்.ஆர்.டி. சட்டப்படி செல்லுமா?

துப்பாக்கி விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகிறது என்றால் அது அரைத் தானியங்கி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதைக் கடைக்குப் போய் வாங்கிவரலாம். ஒருமுறை இழுத்துப் பிடித்தால் தோட்டாக்கள் தொடர்ந்து பாய்கின்றன என்றால் அது இயந்திரத் துப்பாக்கி. 1986 மே 19க்கு முன் சட்டப்படி பதிவாகாத இயந்திரத் துப்பாக்கி எதுவும் பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது; இருந்தால் 10 ஆண்டு வரை சிறை. முழுத் துப்பாக்கிகூட வேண்டாம். அப்படி மாற்றுவதற்கென்றே செய்த உதிரிபாகம் மேசை டிராயரில் கிடந்தாலும், சட்டத்தின் கணக்கில் அதுவும் இயந்திரத் துப்பாக்கிதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சில கருவிகளைப் பற்றித்தான் இத்தனை வழக்கு. தலைப்பில் உள்ள எஃப்.ஆர்.டி., அதாவது சுட்டதும் தானே முன்னே தள்ளப்படும் விசை, அவற்றில் ஒன்று. வழக்கு முழுவதும் ஒரு சொற்றொடரைச் சுற்றியே நடக்கிறது. கும்பல் வன்முறை உச்சத்தில் இருந்த காலத்தில், 1934இல், தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. 'விசையின் ஒரே இயக்கத்தால்' தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்று அது வரையறுத்தது. எழுதியவர்கள் மனதில் இருந்தது அந்தக் காலத்துக் கும்பல்கள் பயன்படுத்திய டாமி கன் என்ற இயந்திரத் துப்பாக்கி. 'இயக்கம்' என்றால் விரலின் இயக்கமா, விசையின் இயக்கமா என்று பிரித்துப் பார்க்கும் தேவை அப்போது யாருக்கும் வரவில்லை.

முதலில் வந்த பெரிய வழக்கு பம்ப் ஸ்டாக். தோளில் அணைக்கும் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்துவது. சுட்ட அதிர்வில் துப்பாக்கி பின்னே சறுக்கும். துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்த கையால் முன்னே தள்ளிக்கொண்டிருந்தால், அசையாமல் வைத்திருக்கும் விரலில் விசை மீண்டும் மீண்டும் வந்து மோதும். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் நடந்த படுகொலையில் இது பயன்பட்டது. அதுவரை இதை இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று சொல்லிவந்த ஏ.டி.எஃப். (மத்தியத் துப்பாக்கிக் கண்காணிப்பு அமைப்பு) 2018 டிசம்பரில் நிலைமாறி, ஆம் என்றது. வைத்திருப்பவர்கள் 90 நாளில் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும். டெக்சஸில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டையும் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் நின்றது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக விடுபட்டு இயங்குகிறது, ஆகவே இது 'ஒரே இயக்கம்' அல்ல என்று நீதிபதி தாமஸ் எழுதினார்; விசைக்கூட்டின் வரைபடங்களையே தீர்ப்புக்குள் சேர்த்திருந்தார். வாத்து போல நடந்து வாத்து போலக் கத்தினால் அது வாத்துதான் என்பது தீர்ப்போடு உடன்படாத நீதிபதி சோட்டோமேயரின் மறுப்பு.

இப்போதைய சர்ச்சை எஃப்.ஆர்.டி., அதாவது ஃபோர்ஸ்டு ரீசெட் டிரிகர். ஏஆர்-15 என்ற சாதாரண அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஒரு குண்டு போனதும், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை உள்ளே ஒரு கொக்கி பிடித்து நிறுத்தும். நீங்கள் விரலைத் தளர்த்தி, விசை முன்னே வந்தால்தான் அடுத்தது. எஃப்.ஆர்.டி.யில் விரலைத் தளர்த்தும் வேலை உங்களுக்கு இல்லை. சுட்டதும் பின்னே ஓடிவரும் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) சுத்தியலை அழுத்தும்போதே விசையையும் முன்னே தள்ளிவிடுகிறது. போல்ட் திரும்பிப் போய் முழுதாக மூடும்வரை ஒரு பூட்டு விசையைப் பிடித்திருக்கும். விட்டதும், அழுத்திக்கொண்டே இருக்கும் விரல் அதை மறுபடி இழுத்துவிடும். நாம் கதவைத் தள்ளிக்கொண்டே நிற்க, உள்ளிருந்து ஒருவர் ஒவ்வொரு முறையும் திருப்பித் தள்ளுவது மாதிரி. கதவு பத்து முறை ஆடியது. நாம் தள்ளியது ஒருமுறையா, பத்து முறையா? கேள்வி அவ்வளவுதான்.

ரேர் ப்ரீட் டிரிகர்ஸ் நிறுவனம் எஃப்.ஆர்.டி.-15 என்ற பெயரில் இதை 2020 இறுதியில் விற்கத் தொடங்கியது. 2021இல் ஏ.டி.எஃப். இது இயந்திரத் துப்பாக்கி என்று சொல்லி, விற்பனையை நிறுத்தச் சொன்னது. பிறகு ஒரே பொருளுக்கு இரண்டு நீதிமன்றம், இரண்டு பதில். 2023 செப்டம்பரில் நியூயார்க் மத்திய நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024 ஜூலையில், கார்கில் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, டெக்சஸ் மத்திய நீதிமன்றம் இது இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று தீர்ப்பளித்தது.

2025 மே 16 அன்று டிரம்ப் அரசின் நீதித்துறை, ரேர் ப்ரீட் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டது. பறிமுதல் செய்த விசைகளை ஏ.டி.எஃப். திருப்பித் தரும், கைத்துப்பாக்கிகளுக்கு எஃப்.ஆர்.டி. செய்ய மாட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. நியூ ஜெர்சி, மேரிலாந்து, வாஷிங்டன் உள்ளிட்ட பல மாநிலங்கள் அடுத்த மாதமே இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. சமரசத்தைச் சட்டம் என்று எடுத்துக்கொள்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1934 வரையறையில் இதற்காக ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. நாளை வேறொரு நிர்வாகம் அதே வரியை வேறு மாதிரி படிக்கலாம்; பம்ப் ஸ்டாக்கில் ஒரே அமைப்பு இரண்டு விதமாகப் படித்ததைப் பார்த்தோமே.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். கார்கில் தீர்ப்பு விளக்கியது மத்தியச் சட்டத்தின் ஒரு வரியை மட்டும். மாநிலங்கள் தங்கள் சட்டத்தை வேறு சொற்களில் எழுதியிருக்கின்றன. ஃபுளோரிடா துப்பாக்கிக்கு ஆதரவான மாநிலம் என்று பெயர் வாங்கியது. ஆனால் பார்க்லேண்ட் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு 2018இல் அது போட்ட தடையில் 'விசையின் இயக்கம்' என்ற பேச்சே இல்லை. ஒரு கருவி, அது இல்லாமல் மனிதரால் சுட முடிகிற வேகத்தைவிட வேகமாகச் சுட வைக்கிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்றவற்றிலும் இத்தகைய கருவிகளுக்குத் தனித் தடை உண்டு. டெக்சஸில் வாங்கியதைக் காரில் போட்டுக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டினால் பிரச்சினை அங்கேதான் தொடங்கும்.

'க்ளாக் ஸ்விட்ச்' என்று ஆன்லைனில் விற்கப்படும் சின்னத் துண்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கைத்துப்பாக்கியை நேராகவே முழுத் தானியங்கியாக்குவது. அதில் சட்டக் குழப்பம் எதுவும் இல்லை, மத்தியக் குற்றம்.

நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு, விசை எந்த ரகம் என்ற கேள்விக்கு முன்பே மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கிறது. துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே அவர்களுக்குத் தடை. வார இறுதியில் நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிட்டுப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் இது பொருந்தும். சில விதிவிலக்குகள் உண்டு. பலர் பயன்படுத்துவது, மாநிலம் தரும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.