கிரீட முத்திரை இருக்கிறது, அறையை அளந்தீர்களா?

பழைய பிரெஞ்சு இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்ததும் குழலடியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். கிரீடம், அதன் கீழே பி, டி என்று இரண்டு எழுத்து. "புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிச்சதுதானே" என்று இன்றைய தோட்டாவைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பிடிக்கட்டை பிளந்து, குழலை மூடிப் பிடிக்கும் பூட்டு தளர்ந்து, பட்டறைக்கு வருகிறது. போதும், இதை எழுதியே ஆக வேண்டும்.

அந்த முத்திரை பொய் சொல்லவில்லை. 'டி' என்ற புகையில்லா மருந்தில் சோதித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ஜே, எம், எஸ் என்ற எழுத்துகளும் அப்படியே மருந்தின் பெயர்கள்தான். ஆனால் சோதனை நடந்த நாளில் குழல் இருந்த நிலைக்கும், அன்றைய அறை (குழலடியில் தோட்டா உட்காரும் இடம்) நீளத்துக்கும் மட்டுமே அது பேசும். பிறகு யார் உள்ளே தேய்த்தார்கள், அறையை நீட்டினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. இன்று எங்கும் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. "உள்ளே சுலபமாப் போகுதே" என்பார்கள். போகத்தான் செய்யும்! 70 என்பது சுட்டு விரிந்த கூட்டின் நீளம். வாய் மடித்த தோட்டா 60 மி.மீ. அளவில்தான் இருக்கும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னுள்ள கூம்பில் நெருங்கும், ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) வெளியேறும் வழி குறுகும், அழுத்தம் ஏறும். ஒரே நாளில் வெடிக்காததால்தான் பலர் நம்புகிறார்கள். சேதம் கட்டையிலும் பூட்டிலும் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும்.

பெயர் குழப்பமும் உண்டு. சேந்த் எத்தியென் என்பது ஊர், அங்குள்ள சோதனைச் சாலையின் முத்திரையிலும் அதுவே இருக்கும். துப்பாக்கி செய்தவர் வேறு. ஜாக்கோப் ஓல்ட்ஸர் என்றிருந்தால் உருக்கு கொடுத்த ஆலை. 'ஐடியால்', 'ரோபுஸ்ட்' மானுஃபிரான்ஸ் நிறுவனத்தின் மாடல்கள். எஸ்.ஜி.டி.ஜி. என்பதை அரசுச் சான்றாகக் காட்டி விலை ஏற்றுபவர்களை நம்பாதீர்கள். காப்புரிமைக்கு அரசு உத்தரவாதம் இல்லை என்பதே அதன் பொருள். பிரான்சின் 1844 காப்புரிமைச் சட்டத்தில் வந்து 1968-இல் நீங்கியது, ஆகவே காலத்தைக் கணிக்க மட்டும் உதவும்.

முத்திரையே இல்லையா? பிரான்சின் 1885 சட்டத்துக்குப் பிறகு சோதனை நெடுங்காலம் கட்டாயமாக இருக்கவில்லை. போலி என்று முடிவு கட்ட வேண்டாம், சுடவும் வேண்டாம்.

குழலைக் கழற்றி அடிப்பகுதியை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம், எழுத்து போய்விடும். 18,2 போன்ற எண் உள்விட்டம், மில்லிமீட்டரில். உட்குழல் அளவியால் அளந்து பாருங்கள். பொறித்ததைவிடக் கூடியிருந்தால் உள்ளே தேய்த்திருக்கிறார்கள். 1 கி. 350 போன்றது குழலின் எடை, தொடர் எண் இல்லை. எடை குறைந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். அறை நீளத்தைப் பொறிப்பில் படித்ததோடு விடாமல் அறை அளவியால் அளந்தே உறுதி செய்யுங்கள். குழல் சுவரின் தடிமன் எங்காவது 0.5 மி.மீ. அருகே இறங்கியிருந்தால் அந்தக் குழல் சுவரில் மாட்டத்தான்.

இரும்பு ரவையைப் பழைய சோக் (முனை குறுகிய) குழலில் போடவே போடாதீர்கள். அறையை 70-க்குக் குடைந்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள். குடைந்தால் பழைய முத்திரை செல்லாது, மறுசோதனை வேண்டும். 65 மி.மீ. குறைந்த அழுத்தத் தோட்டா கிடைக்கிறது, தயவுசெய்து அதைத் தேடி வாங்குங்கள்.