பணவீக்க இலக்கு 5 சதவீதம்: மத்திய வங்கி எழுத்தில் தந்த உறுதி

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1.3 சதவீதமாக இறங்கியது. அப்படியானால் சாமான் விலை ஏன் இறங்கவில்லை என்று யாழ்ப்பாணத்துச் சந்தையில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ச் சாமான் 170 ரூபாயாகிப் பின்னர் 172 ரூபாயில் நின்றால், வேகம்தான் அடங்கியதே தவிர விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதே 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் அவ்வங்கிக்கு விதித்துள்ள முதற் கடமை. 2023 ஒக்டோபரில் நிதி அமைச்சருக்கும் மத்திய வங்கிக்கும் இடையில் ஏற்பட்டு வர்த்தமானியில் வெளியான உடன்படிக்கை, காலாண்டுதோறும் கணிக்கப்படும் ஆண்டுப் பணவீக்கத்தை 5 சதவீதத்தில் பேண வேண்டும் என்கிறது. பூச்சியம் அல்ல, 5 என்பதைக் கவனிக்க வேண்டும்: இலக்கு சரியாக நிறைவேறினாலும் விலைகள் ஏறத்தாழ 14 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அரசாங்கம் குறுங்காலக் கடனுக்காக விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை அதனிடமிருந்து நேரடியாக வாங்கிப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. என் பார்வையில் இலக்கை விடப் பெரிய காவல் இதுதான்.

வங்கியின் கையிலுள்ள முக்கிய கருவி வட்டி வீதம். 2024 நவம்பர் முதல் வங்கிகள் தமக்குள் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனின் வட்டிக்கு வழிகாட்டும் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதத்தின் மூலம் அது தன் நிலைப்பாட்டை அறிவிக்கிறது. அந்த வீதம் உயர்ந்தால் கடன் வட்டி கூடிச் செலவு சுருங்கி, விலை ஏறும் வேகம் தணியும். குறைந்தால், நிலையான வைப்பின் வட்டியை நம்பி வாழும் எங்கள் ஊர் முதியவர்களின் மாத வருமானம் முதலில் அடிபடும். மழையால் சின்ன வெங்காயம் அழுகி விலை ஏறுவதை எந்த வட்டி வீதத்தாலும் தடுக்க முடியாது என்பதால்தான், இலக்கைக் கடுமையாக அன்றி நெகிழ்வாகப் பின்பற்றுகிறார்கள். அளவுகோல் கொழும்பு நகர்ப்புற விலைகளே என்பதும் நினைவிலிருக்க வேண்டும். வடக்கின் விலைகள் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலேயே சேர்கின்றன.

பணவீக்கம் தொடர்ந்து இரண்டு காலாண்டுகளுக்கு இலக்கிலிருந்து 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகினால், அதன் காரணத்தையும், எடுக்கும் நடவடிக்கையையும், இலக்குக்குத் திரும்ப எடுக்கும் காலத்தையும் விளக்கும் அறிக்கையை மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபை நிதி அமைச்சரூடாகப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பித்து, பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும். இலக்குக்குக் கீழே விலகினாலும் இக்கடமை உண்டு. மின்கட்டணக் குறைப்பு முதலிய காரணங்களால் 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே கிடந்தது, அதாவது விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தன; அதற்கான விளக்கத்தைக் கேட்டுப் படிக்கும் உரிமை பருத்தித்துறையில் கடை வைத்திருப்பவருக்கும் உண்டு.