சுவரெழுத்து, சுவரோவியம், கீறல்: ‘கிராஃபிட்டி’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்பது பழமொழி. இப்போது பலரும் ‘சித்திரம் வரைய முடியும்’ என்று சொல்கிறார்கள். பழைய வழக்கு ‘எழுத’ என்பதே. ஒரு சொல் மாறியதில் என்ன போய்விட்டது என்று தோன்றலாம். ‘கிராஃபிட்டி’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும்போது நமக்கு வழிகாட்டுவதே அந்த ‘எழுத’தான்.

முதலில் அயற்சொல். இத்தாலிய மொழியில் ‘கிராஃபியாரே’ என்றால் கீறுதல். கீறி உண்டான ஒரு குறி ‘கிராஃபிட்டோ’. பல குறிகள் ‘கிராஃபிட்டி’. அதற்கும் பின்னால் நிற்பது கிரேக்கத்தின் ‘கிராஃபைன்’: கீறுதல், எழுதுதல் இரண்டுக்கும் அதுவே சொல். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் பெயர் பெற்றதும் அங்கிருந்துதான். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் சுவர்களில் ஆயிரக்கணக்கான கீறல்கள் கிடைத்தன. கடன் கணக்கு, காதல், வசவு என எல்லாம் அவற்றில் உண்டு. இவற்றைக் குறிக்கத்தான் 19ஆம் நூற்றாண்டின் தொல்லியலாளர்கள் ‘கிராஃபிட்டி’யைப் பெருவழக்காக்கினார்கள். தேர்தல் ஆதரவு போலச் சாயம் பூசி எழுதியவற்றுக்கு அவர்கள் ‘டிப்பின்டி’ என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். கீறியது வேறு, பூசியது வேறு என்ற தெளிவு அப்போது இருந்தது.

அந்தத் தெளிவு 1970களில் கரைந்தது. நியூயார்க்கில் தூது வேலை பார்த்த ஓர் இளைஞர் போகும் இடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று தன் பெயரையும் தெரு எண்ணையும் எழுதிக்கொண்டே போனார். 1971இல் நாளேட்டில் அது செய்தியானது. மார்க்கரும் ஸ்பிரே டப்பாவும் கொண்டு எழுதிய இவற்றுக்கும் ‘கிராஃபிட்டி’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் ஸ்டென்சில் (வடிவை வெட்டிய தகட்டை வைத்து நிறம் அடிப்பது), பசைத்தாள், ஆறுமாடி உயர ஓவியம் எல்லாம் அதே குடைக்குள் வந்து, ‘ஸ்ட்ரீட் ஆர்ட்’ என்ற இன்னொரு குடையும் சேர்ந்தது.

தமிழில் இதற்குப் பலர் எழுதுவது ‘சுவர்க் கிறுக்கல்’. இதை நாம் ஏற்கவில்லை. ‘கிறுக்கல்’ என்பது பொருளைச் சொல்லும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அழகாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும் பொருந்துவதுதான் கலைச்சொல். பார்க்கும் முன்னரே ‘இது கிறுக்கல்’ என்று பெயரிட்டவர் பிறகு அந்தச் சுவரைப் பார்ப்பதே இல்லை.

தமிழ் இந்த வேலைகளை வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பரப்புக்குக் கை என்ன செய்தது என்பதே அளவுகோல். உளி கொண்டு ஆழமாக எடுத்தால் வெட்டு, அதனால் கல்வெட்டு. அழுத்திப் பதித்தால் பொறி. கூர்முனையால் மேல்தோலைக் கிழித்தால் கீறு. மையோ நிறமோ மேலே வைத்தால் எழுது, தீட்டு. தாளைப் பசையால் பொருத்தினால் ஒட்டு, அதனால் சுவரொட்டி. எந்தச் சுவரின் முன் நின்றாலும் ‘இங்கே கை என்ன செய்திருக்கிறது?’ என்று கேட்டால் சரியான சொல் தானே வந்துவிடும்.

கீறல்

தொல்லியலில் ‘கிராஃபிட்டி’க்கு நேர்ச்சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது: கீறல், கீறல் குறியீடு. கொடுமணல், ஆதிச்சநல்லூர், கீழடி போன்ற இடங்களின் பானை ஓடுகளில் இருப்பவை இவை. 2025இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு, 140 இடங்களில் கிடைத்த 15,000க்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டது.

ஓட்டைக் கையில் எடுத்தால் கீறல் எப்போது விழுந்தது என்று கண்ணாலேயே சொல்லலாம். பானை பச்சையாக, பாதி காய்ந்து இருக்கும்போது கீறினால் மண் இருபுறமும் ஒதுங்கி, கோட்டின் விளிம்பு மெல்லிய வரப்பாக எழும்பும். பள்ளம் வழவழப்பாக இருக்கும். சுட்டபின் கீறினால் விளிம்பு பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருக்கும்; பள்ளத்துக்குள் மேற்பூச்சு போய், உள்மண்ணின் நிறம் தெரியும். முன்னது குயவர் கையின் குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னது பெரும்பாலும் பானையை வைத்திருந்தவர் குறி.

கீறு, கீற்று என்ற சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குபவை. தேங்காய்க் கீற்று, நிலாக்கீற்று இரண்டிலும் அந்த மெல்லிய கோடு இருக்கிறது. ‘கிறுக்கு’ என்பதையும் இதே வேரோடு சேர்ப்பார்கள். ஆனால் வழக்கில் அது நெறியில்லாத கோட்டுக்குப் போய்விட்டது. அங்கேயே இருக்கட்டும்.

சுவரெழுத்து

எழுத்துகளே முதன்மையான சுவருக்கு ‘சுவரெழுத்து’ என்ற சொல்லைக் குமரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் தேர்தல் சுவர் விளம்பரத்துக்கு இதே சொல்தான் செய்தித்தாள் வழக்கு. குமரி, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண். சொற்கள் எல்லை பார்த்து நிற்பதில்லை. மலையாளத்தில் தரையில் நிறப்பொடிகளால் தெய்வ உருவம் இடுவது ‘களமெழுத்து’. அங்கே எழுதப்படுவது படம். எழுத்து ஒன்றுகூட இல்லை.

சங்கத் தமிழிலும் அப்படியே. ஓவியங்களால் அழகு பெற்ற மன்றத்தைப் பரிபாடல் ‘எழுதெழில் அம்பலம்’ என்கிறது. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்ற குறளில் எழுதப்படுவது கண்மை. மை எழுதுதல், தொய்யில் (மகளிர் மேனியில் இடும் கோலம்) எழுதுதல், சித்திரம் எழுதுதல் என நிறம் வைக்கும் எல்லா வேலைக்கும் ‘எழுது’ பொதுவாக இருந்தது. பள்ளிக்கூடம் அதை அகரவரிசைக்குள் ஒடுக்கிவிட்டது. ஆகவே டேக் (விரைவாக இடும் பெயர்), பீஸ் (பல நிறத்தில் விரிவாகத் தீட்டும் பெயர்) போன்று பெயரையே படமாக்கும் நவீன வேலைக்குச் ‘சுவரெழுத்து’ கச்சிதம்: எழுத்தும் உண்டு, ஓவியமும் உண்டு. டேக் மட்டும் தனியாக வேண்டுமானால் ‘பெயர்க்குறி’ போதும்.

சுவரெழுத்தின் அருமை புரிய ஒரே ஒரு பெயரை அளந்து பார்க்கலாம். 12 அடிச் சுவரில் ‘நாகர்கோவில்’ என்று எழுத வேண்டும். இலக்கணப்படி ஆறு எழுத்து. 12ஐ 6ஆல் வகுத்து ஆளுக்கு இரண்டடி ஒதுக்கினால் ‘கோ’ பிதுங்கும், ‘ர்’ தனியே காற்றாடும். கை தேர்ந்தவர்கள் வடிவத்தை எண்ணுவார்கள்: ந, கால், க, ர், இரட்டைக் கொம்பு, க, கால், வி, ல் என ஒன்பது. கால்களுக்கும் ‘ர்’க்கும் அரைப் பங்கு, ‘வி’க்கு ஒன்றரைப் பங்கு, மற்றவைக்கு ஒவ்வொரு பங்கு. கூட்டினால் எட்டுப் பங்கு. இருபுறமும் ஓரடி விளிம்பு விட்டால் மிச்சம் 10 அடி. ஒரு பங்குக்கு, இடைவெளியும் சேர்த்து, 15 அங்குலம். அடுத்து நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டி, மேல் கோடும் கீழ் கோடும் போடுவது. மேல்கோட்டுக்கு மேலே எழுத்துயரத்தில் கால் பங்கு காலியாக விட வேண்டும். புள்ளியும் ‘வி’யின் சுழியும் அங்கேதான் உட்காரும். இதை மறந்த சுவர்களில் புள்ளிகள் மேல் வரிக்குள் ஏறி நிற்பதைப் பார்க்கலாம்.

பிறகு சாக்கட்டியால் வெளிக்கோடு, பட்டை பிரஷ்ஷால் நிரப்புதல், கடைசியில் ஷேடு. ஷேடு எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் விழுகிறதா, கோட்டின் முனையில் பிரஷ் திரும்பிய இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

வெளிக்கோடு மட்டும் போட்ட நிலைக்கு ‘ஸ்கெட்ச்’ என்கிறோம். சங்க நூலான நெடுநல்வாடை இதற்கு ஒரு சொல் தந்திருக்கிறது: ‘புனையா ஓவியம்’. நிறம் ஏறாத ஓவியம். மீட்டெடுக்கத் தகுந்த சொல்.

ஸ்டென்சிலுக்கு ‘வெட்டுத்தகடு’ என்று எளிமையாகச் சொல்லலாம். இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ண, ன, ள போன்ற சுழி எழுத்துகளை அப்படியே வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அதைத் தகட்டோடு பிடித்து வைக்க 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட வேண்டும். சுவரில் எழுத்தின் கோடு குட்டிக்குட்டியாக அறுந்திருந்தால் அது வெட்டுத்தகட்டு வேலை. தகட்டுக்கு அடியில் நிறம் கசிந்து விளிம்பு மங்கியிருந்தால், ஒரே தடவையில் அதிகமாகப் பீய்ச்சியிருக்கிறார்கள் என்று பொருள். டப்பாவை 15 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடித்தால் கசியாது, வடியாது.

சுவரோவியம்

‘மியூரல்’ என்பது சுவரைக் குறிக்கும் இலத்தீன் ‘மூருஸ்’ வழி வந்தது. தமிழில் சுவரோவியம். ஒவ்வுதல், அதாவது ஒத்திருத்தல் என்பதிலிருந்து ஓவியம் பிறந்தது என்பது சொல்லறிஞர் பலர் கருத்து. குமரி மாவட்டத்துக்கு இது புதிய கலை அல்ல. பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையின் மேல்தளத்திலும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் ராஜகோபுரத்தின் உள்ளேயும் சுவரோவியங்கள் உண்டு. அந்த மரபில் காரைப்பூச்சின் மேல் இளநீர் கலந்த சுண்ணாம்பை 25 முதல் 30 தடவை பூசி வெண்மையாக்குவார்கள். சுவர் உலர்ந்தபின் காவிச் சிவப்பு, காவி மஞ்சள், அவுரி நீலம் கலந்த பச்சை, எண்ணெய் விளக்குக் கரி ஆகியவற்றை வேப்பம்பிசினில் குழைத்து எழுதுவார்கள். சுதை என்றால் சுண்ணாம்புப் பூச்சு; உலர்ந்த சுவரில் எழுதுவதால் இது ‘உலர் சுதை ஓவியம்’. சுதை ஈரமாக இருக்கும்போதே எழுதும் ஃப்ரெஸ்கோவுக்கு ‘ஈரச் சுதை ஓவியம்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குவது பரவலான பிழை.

தெருச் சுவரில் வரும் பெரிய ஓவியத்துக்கும் ‘சுவரோவியம்’ தாராளமாகப் பொருந்தும். சென்னைக் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் இருப்பவற்றை அப்படித்தான் அழைக்க வேண்டும். ‘ஸ்ட்ரீட் ஆர்ட்’ என்ற முழுக் குடைக்குத் தெருக்கலை என்றால் கூத்தும் அதற்குள் வந்துவிடும். ‘தெரு ஓவியம்’ தெளிவானது.

குமரிச் சுவரைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் ஓவியம் மங்கினால் எழுதியவரைக் குறை சொல்வது வழக்கம்; பல நேரம் குற்றவாளி சுவர். இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் சுவர் நன்றாகக் காய்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பு சுவரில் படிந்து, ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்கி, வெயிலில் படிகமாகும். அந்தப் படிகம்தான் பெயிண்ட் படலத்தை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போகும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுத்துவிட்டு, பிறகுதான் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

ஈரம் உள்ளிருந்து வருகிறதா என்று அறிய, ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை. புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும்; அதன் காரம் சில நிறங்களை வெளுக்கச் செய்யும், எனாமலைப் பிசுபிசுக்க வைக்கும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் மலிவான ரோஜா நிறமும் ஊதாவும் முதலில் போகும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த காவியும் மண் மஞ்சளும் நிற்கும்; பழைய கோயில் ஓவியங்களில் இன்றும் மிச்சமிருப்பவை பெரும்பாலும் அந்த நிறங்களே.

ஒரே பாறையில் இரண்டு சொல்

மார்த்தாண்டம் அருகே சிதறால் மலை. திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். சமணச் சிற்பங்களும், பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் கல்வெட்டுகளும் உள்ள இடம். அங்கே உளியால் வெட்டியது கல்வெட்டு. இதுபோன்ற இடங்களில் வருகிறவர்கள் சாவியாலும் கல்லாலும் தம் பெயரை இடுவது கீறல். அது சுவரெழுத்து ஆகாது, தெரு ஓவியமும் ஆகாது. எழுதியதைக் கழுவலாம், மேலே வெள்ளையடிக்கலாம். கீறியதை எடுக்க வேண்டுமானால் கீறல் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பாறையையும் எடுக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

கல்வெட்டைப் படிக்கவோ படமெடுக்கவோ விரும்பினால் எழுத்தின் மேல் சாக்கட்டி தேய்க்காதீர்கள். பொடி நுண்துளைகளில் தங்கிவிடும். காலை 7 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ, வெயில் பாறையைச் சாய்வாக உரசும் நேரத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள். வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் நிழல் அடர்ந்து நிற்கும். கீறலில் நிழல் விழாது. வெளிறிய கோடாக மட்டும் தெரியும்.