டிபிஐ எண்ணை மாற்றினால் படம் பெரிதாகாது

இந்த வாரமும் எங்கள் அச்சகத்துக்கு ஒரு காமிக்ஸ் வந்தது. கோடுகள் அருமை. ஆனால் எல்லாப் பக்கமும் 1080 பிக்சல் அகலம்தான். இன்ஸ்டாகிராமுக்கு வரைந்ததை அப்படியே ஏ4 புத்தகமாகப் போட வேண்டுமாம். முடியாது என்றால், "சார், 300 டிபிஐ-க்கு மாற்றித்தானே அனுப்பியிருக்கிறேன்?" என்கிறார் வரைந்தவர்.

அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) போடுமுன் ஃபைல் பார்ப்பது என் வேலை. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சலை அடைப்பது என்ற கணக்கு, அவ்வளவுதான். கையில் இருப்பது 1080. 300 வீதம் அடைத்தால் 3.6 அங்குலத்தில் தீர்ந்துவிடும். ஏ4 அகலம் 8.27 அங்குலம், மீதிக்கு எங்கே போவது? சரி என்று இழுத்துப் பெரிதாக்கினால், இல்லாத பிக்சலை மென்பொருள் அக்கம்பக்க நிறத்தைப் பார்த்து இட்டு நிரப்பும். கண்ணிமைக் கோடு ஈரத்தாளில் மை ஊறிய மாதிரி ஆகும். வசன பலூனுக்குள் 'ணை' போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். போன் திரையில் இதெல்லாம் தெரியாது, தாளில் தெரியும்.

வரையும் மென்பொருளில் கிரிட்டாவா, கிளிப் ஸ்டுடியோ பெயிண்டா என்று சண்டை போடுகிறீர்களே, இரண்டுமே கேன்வாஸ் திறக்கும்போது முதலில் அளவைத்தான் கேட்கின்றன. அங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஏ4 வண்ணப் பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்சல். கறுப்புக் கோடு மட்டும் என்றால் 600 டிபிஐ, அதாவது 4960க்கு 7016. வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். கணினி திணறினால் லேயரை (படத்தின் அடுக்குகளை) குறையுங்கள், கேன்வாஸைக் குறைக்காதீர்கள். இணையத்துக்குச் சின்னதாக்குவது அப்புறம் நொடி வேலை.

பலூன் எழுத்தைத் தயவுசெய்து படத்தோடு ஒட்டிவிடாதீர்கள், தனி லேயரில் இருக்கட்டும். ஒட்டிவிட்டால் எழுத்தின் கறுப்பு, வண்ண அச்சின் நான்கு மையிலும் பிரியும். பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் சிவப்பு, நீலம் எட்டிப் பார்க்கும். தனியாக இருந்தால் கறுப்பு மையில் மட்டும் ஓட்டிவிடுவோம். அப்புறம், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஏற்கெனவே சின்ன கேன்வாஸில் வரைந்து முடித்தவர்களுக்கு: கிளிப் ஸ்டுடியோவில் வெக்டர் லேயரில் (கோட்டைப் பிக்சலாக இல்லாமல் வடிவக் கணக்காக வைக்கும் லேயர்) கோடு போட்டிருந்தால் கோடாவது தப்பும், வண்ணத்தை மட்டும் மறுபடி பூசலாம். இல்லையென்றால் கையடக்கப் பதிப்பாகப் போட முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் கட்டி, வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்த பிறகு அல்ல, முன்னாடியே.