பனிமலை விடுதியில் எலிப்பொறி வைக்கும் முன்

ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு விடுதி ஒன்றிலிருந்து, பொறியில் நசுங்கிச் செத்த சிற்றுயிர் ஒன்றை, என்ன எலி என்று பார்த்துச் சொல்லும்படி மறுபடியும் ஒருவர் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது எலி அன்று, மலைப் பிக்மி பொசம் என்னும் பைப்பாலூட்டி. காட்டுயிர் மருத்துவராக இதே விடையை எத்தனை முறைதான் சொல்வது?

ஏறத்தாழ 45 கிராம் எடையும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் பார்ப்பவரை ஏமாற்றுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பின்காலைப் பாருங்கள்: நகமற்ற பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கும், அடுத்த இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கும். எந்த எலிக்கும் இவ்வாறு அமைவதில்லை. உடலைவிட நீண்ட வால் பற்றிக்கொள்ள வல்லது. பெண்ணின் வயிற்றில் பையும் அதனுள் நான்கு காம்புகளும் உண்டு. எலி ஆண்டுக்குப் பலமுறை ஈனும். பனிக்கு அடியில் ஏழு மாதம் வரை துயிலும் இவ்விலங்கோ ஆண்டுக்கு ஒரே ஈற்றில் நான்கு குட்டிகளுக்கு மேல் வளர்ப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஒரு தாயைக் கொன்றால், அந்த இழப்பு ஒரு பருவத்தில் ஈடாகிவிடாது.

புர்ராமிஸ் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. மற்றவை புதைபடிவங்களாகவே கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, குவீன்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லீ மழைக்காடாக இருந்த காலத்தில் அங்கு வாழ்ந்தது. இந்த இனத்தையும்கூட 1890-களில் நியூ சவுத் வேல்ஸின் வோம்பியன் குகைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டே தொல்லுயிரியலாளர் ராபர்ட் புரூம் விவரித்தார். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அது, 1966-இல் விக்டோரியா மாநிலத்து ஹோதம் மலையின் பனிச்சறுக்கு விடுதியொன்றில் உயிருடன் அகப்பட்டது. அன்று அங்கிருந்தவர்கள் அதை அடித்துக் கொல்லாததால்தான் அது வாழ்வதை உலகம் அறிந்தது.

ஆகவே மலைவிடுதிகளில் எலிமருந்தும் அடித்துக் கொல்லும் பொறியும் வேண்டவே வேண்டாம். எலித்தொல்லை உறுதியானால் உயிருடன் பிடிக்கும் கூண்டை வைத்து, உள்ளே கொஞ்சம் பஞ்சு இட்டு, விடியும் முன்பே சென்று பாருங்கள். அவ்வளவு சிறிய உடல் குளிரில் விரைவாக வெப்பம் இழக்கும். ஐயம் இருந்தால் வனவிலங்குத் துறையினரை அழையுங்கள். பூனையை மலைக்குக் கொண்டுவராதீர்கள். பாறைக்குவியல்கள் மேல் படிந்த பனியை மிதித்து இறுக்காதீர்கள்; துயிலும் விலங்குக்கு அதுவே போர்வை.

சமவெளியில் வசிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். துயில் கலைந்தெழும் இவ்விலங்குக்கு, வசந்தத்தில் மலையேறி வரும் போகாங் அந்துப்பூச்சிகளே முதன்மை உணவு. 2017 முதல் அவற்றின் வரத்து வீழ்ந்தபோது, பையிலிருந்த குட்டிகளை இழந்த தாய்களை ஆய்வாளர்கள் கண்டனர். வெளிச்சம் அப்பூச்சிகளை வழிதவறச் செய்யும் என்பதால், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளைத் தயவுசெய்து அணைத்து வையுங்கள்.